கூரையைப் பார்த்த கண்ணாடி

இந்தக் காலத்தில் யாருக்கும் பயம் என்பதே கிடையாது. சைக்கிளில் ஒழுங்காகப் போகத் தெரியாதவன் கார் ஓட்டுகிறான். லைசென்ஸ் கைக்கு வந்த மறு நிமிடம் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அவனுக்குக் கோபம். முன்னால் போகிறவன் மெதுவாகப் போனால் அதற்கும் கோபம். அவன் வைத்திருக்கும் காரோ தீப்பெட்டி. ஏறி உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். ஆனால் மிதித்துவிட்டால் வாலில் தீ வைத்த மாதிரி பறக்கும். மோதினால், எது தகரம் எது ஆள் என்று பிரித்தெடுக்கவே பாதிப் பொழுது போய்விடும்.

கொக்கி இதையெல்லாம் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு திரிகிறவர் இல்லை. பிரித்தெடுத்த கை அவருடையது. விபத்தில் நொறுங்கிய வண்டிகளைக் கொக்கி மாட்டி இழுத்து வருகிற ரெக்கவரி லாரியைத்தான் அவர் ஆயுசு முழுக்க ஓட்டினார். அந்தக் கொக்கியே அவருக்குப் பெயராகி ஒட்டிக்கொண்டது. வீடு தேடி வருகிறவர்கள் "கொக்கி வீடு எது" என்று கேட்டால்தான் தெருவில் கை காட்டுவார்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் பெரிய பழக்கம் இல்லை. நம்பிக்கைக்கும் அவருக்கும் அதைவிடக் குறைவு. டாக்டரை நம்ப மாட்டார், வங்கியை நம்ப மாட்டார். கொட்டுகிற மழையில் ரேடியோ மழை என்று சொன்னாலும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டுவார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் சின்னதாய், சிவப்பாய் ஒரு கார் வந்து நின்றது. பேத்திக்குப் புறவழிச் சாலையைத் தாண்டி ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸும் அப்போதுதான் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து, பழைய கார் விற்கிறவனிடம் மருமகன் வாங்கி வந்த வண்டி அது.

"எப்படி இருக்கு தாத்தா?" என்றாள் பேத்தி. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கிழவர் கதவை விரலால் தட்டினார். "பிஸ்கட் டப்பா சத்தம் கேக்குது."

"டப்பாதான். ஆனா நூறைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியுமா? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள."

"கண்ணை மூடறது சரி. திறக்கணுமே."

"அப்பா! வந்ததும் வராததுமா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள்.

மருமகன் எதற்கும் குரலை உயர்த்தாத மனிதர். "மாமா, இதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்தான் வச்சிருந்திருக்காங்க. ஒரு பல் டாக்டர் அம்மா. ஒரு கீறல்கூட இல்ல."

"கீறலை மறைக்கத்தான் பெயிண்டுன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கான், மாப்பிள்ளை."

ஆனாலும் கிழவர் எல்லாவற்றையும் சோதித்தார். பெல்ட்டைச் சுண்டி இழுத்தார், பிடித்தது. டயரைக் குனிந்து தடவினார், புதுசு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

வேலைக்குப் போன முதல் நாள், பேத்தி இருட்டுகிற நேரத்தில் பத்திரமாக வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை கிழவர் தேநீர் டம்ளரோடு வெளியே வந்தார். அவருடைய அறை வாசலுக்கு நேர் எதிரேதான் கார் ஷெட். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்.

ஓட்டுகிறவருக்கு மேலே தொங்கும் நடுக்கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தேநீர் சட்டையில் கொட்டியதைக் கிழவர் கவனிக்கவே இல்லை.

ரெக்கவரி ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சட்டத்திலும் கிடையாது, யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவும் இல்லை. ஓட்டினவர் சீட்டிலேயே செத்துப்போன வண்டி என்றால், கொக்கி மாட்டுவதற்கு முன்னால் கையை உள்ளே விட்டு நடுக்கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட வேண்டும். நொறுங்கிய வண்டிகளைப் போட்டு வைக்கும் மைதானத்தில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். அந்த வண்டிப் பக்கத்தில் நின்று யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்தச் சீட்டில் உட்கார்ந்து யாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டார்கள். இது வெளியே சொல்கிற காரணம். குரலைத் தாழ்த்திச் சொல்கிற காரணம் இன்னொன்று உண்டு. கடைசியாக அந்தக் கண்ணாடியைப் பார்த்தவன் இன்னும் அதற்குள்ளிருந்து பார்த்துக்கொண்டேதான் இருப்பான். அடுத்து அந்தச் சீட்டில் உட்காருகிறவன் அவன் கண்ணைச் சந்திக்க வேண்டிவரும். கூரையைப் பார்க்க விட்டால் தொல்லை இல்லை.

எதையும் நம்பாத கொக்கி இதை மட்டும் நம்பினார். அதற்குக் காரணம் ஒரு வைப்பர்.

ஒரு விடியற்காலை, மரத்தில் மோதிக் கிடந்த ஒரு சின்ன வண்டி. மழை எப்போதோ விட்டிருந்தது. முன்பக்கக் கண்ணாடி முழுவதும் உதிர்ந்து போயிருந்தது. ஆனால் வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. துடைக்கக் கண்ணாடி இல்லாமல் காற்றைத் துடைத்துக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பின்னால் ஒட்டியிருந்த 'எல்' எழுத்தின் ஓரம்கூட இன்னும் உரியவில்லை. ஓட்டினவனை ஏற்கெனவே எடுத்துப் போய்விட்டார்கள். கொக்கி கையை உள்ளே விட்டபோது நடுக்கண்ணாடி அவரை நேராகப் பார்த்தது. அதில் என்ன தெரிந்தது என்று அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. இன்றைக்கும் மழை நாளில் தெருவில் ஏதாவது வண்டியின் வைப்பர் சத்தம் கேட்டால், சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிடும்.

இப்போது பேத்தி உட்காரும் சீட்டுக்கு மேலே கண்ணாடி கூரையைப் பார்க்கிறது. உயிரோடு இருப்பவள் தலைக்கு மேலே.

சீட்டில் உட்காருகிறவரிடம் இதைப் பேசக்கூடாது என்பதும் வழக்கத்தில் சேர்ந்ததுதான். சொன்னால் அவர்கள் பார்ப்பார்கள், பார்த்தால் பார்த்ததுதான். அதனால் கிழவர் யாரிடமும் கேட்கவில்லை. கதவைத் திறந்து கையை நீட்டிக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மறுநாள் காலையும் அது கூரையைப் பார்த்தது. அதற்கு அடுத்த நாளும்.

விடிவதற்கு முன்பே எழுந்து கண்ணாடியை இறக்கிவிடுவது அவருக்கு வேலையாகிப் போனது. பல் தேய்ப்பதற்கு முன்னால் அதுதான். கண்கொத்திப் பாம்பாக ஷெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேத்தி வந்து வண்டியை எடுத்துப் போனதும் கேட்டைப் பார்க்கத் தொடங்குவார். சாயங்காலம் ஹாரன் சத்தம் கேட்டால்தான் கண்ணை எடுப்பார்.

"அந்த வண்டியை வித்துடு," என்றார் ஒருநாள்.

பேத்தி கையில் ரொட்டியோடு ஒரு காலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். "ஏன்?"

"வித்துடுன்னா வித்துடு."

"காரணம் சொல்லுங்க, விக்கறேன்."

"பஸ்ல போனா என்ன? பஸ்ஸு எவ்வளவு பெருசு! அது மேல எவன் மோதினாலும் அவனுக்குத்தான் சேதம்."

"தாத்தா, பெல்ட் போடுன்னீங்க, போடறேன். வண்டியில ஏறினா போனை அணைச்சுடுன்னு தொண்டை கிழியக் கத்தினீங்க, அணைக்கறேன். இன்னும் என்ன? வண்டிக்குப் பின்னால ஓடி வரணுமா நீங்க?"

"வருவேன். நீ போற வேகத்துக்கு முட்டிதான் ஒத்துக்காது."

"பாத்தீங்களா, நீங்களே சிரிச்சுட்டீங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். கிழவர் சிரிக்கவே இல்லை. அது பல் கட்டின வாய், அப்படித்தான் இருக்கும்.

வண்டி விற்றவனையும் போய்ப் பார்த்தார். வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக அவன் நாற்காலி போட்டு உபசரித்தான்.

"இது எங்கயாவது அடிபட்ட வண்டியா? உண்மையைச் சொல்லு."

"ஐயோ பெரியவரே! அந்த டாக்டரம்மா இதைக் குழந்தை மாதிரி வளத்தாங்க. வீட்டை விட்டு வெளிய எடுத்ததே இல்ல."

"வீட்டை விட்டு வெளிய எடுக்காத வண்டி எப்படிய்யா உன் கடைக்கு வந்துச்சு? தானா நடந்து வந்துச்சா?"

அவன் பல்லைக் காட்டினான். அந்தப் பல்லும் டாக்டரம்மா வேலைதானோ என்று கிழவருக்குத் தோன்றியது. நம்பாமல்தான் திரும்பி வந்தார்.

அந்த வாரம் பேத்தி காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். கிழவருக்கு உள்ளூர நிம்மதி. காய்ச்சல் மாத்திரையில் போய்விடும். வண்டி ஷெட்டிலேயே நின்றது. காலையில் வழக்கம் போல் கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைத் தானே சமையலறை ஆணியில் மாட்டினார். இன்றைக்கு வண்டியில் யாரும் ஏறப்போவதில்லை. அது ஆடட்டும் பார்க்கலாம் என்று இருந்தார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நேத்து யாராவது வண்டியை எடுத்தீங்களா?" என்றார் மகளிடம். குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"யாரு எடுப்பா? சாவி நீங்க மாட்டின ஆணியிலதான் தொங்குது. ஏம்பா, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? உங்களுக்கும் காய்ச்சலா?"

அதற்கு மேல் கிழவருக்குப் பொறுக்கவில்லை. கடைக்குப் போய், இரும்பையும் இரும்பையும் ஒட்டுகிற பசை வாங்கி வந்தார். இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கிப் பூசுகிற பசை. காய்ந்தால் சுத்தியல்தான் பேச வேண்டும். பேத்திக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மறுநாள் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

மத்தியானம் வீடு தூங்கும் நேரம் பார்த்துக் கிழவர் காருக்குள் நுழைந்தார். நெட்டை உடம்பு. சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளினால்தான் கால் மடங்கியது. கண்ணாடியின் தண்டு திரும்புகிற இடத்தில் பசையை அப்பினார். கண்ணாடியைப் பின்பக்கத்துக்கு நேராக நிறுத்தி, காய்கிற வரைக்கும் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது வேறு வழியில்லாமல் அதற்குள் பார்க்க வேண்டிவந்தது. பின்கண்ணாடி தெரிந்தது. கேட் தெரிந்தது. கேட்டுக்கு அப்பால் வெயிலில் காலியான தெரு. வேறு யாரும் இல்லை. யாரும் இல்லாததுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. இவ்வளவு நேரம் இருந்த யாரோ, அவர் பார்க்கிறார் என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

பசை இறுகியது. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. சீட்டைப் பழையபடி முன்னால் தள்ளிவைத்துவிட்டு இறங்கினார். வெகுநாளைக்குப் பிறகு அன்று சாயங்காலம் இரண்டு டம்ளர் தேநீர் குடித்தார்.

மறுநாள் காலை கண்ணாடி வைத்த இடத்தில் நின்றது. கிழவர் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே ஜெயித்தவர் மாதிரி நின்றார். பேத்தி அவசரமாக ஓடி வந்து ஏறினாள். அவள் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, ஸ்டியரிங்குக்கு மேலே கூட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் குஞ்சு மாதிரி உட்காருவாள். பெல்ட்டை மாட்டினாள். கையை உயர்த்திக் கண்ணாடியைப் பிடித்தாள். இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

கிழவர் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும்போது கை பாதியில் நின்றது.

அவள் எதற்குக் கண்ணாடியை இழுத்தாள்?

அவர் உட்கார்ந்து பார்த்தது சீட்டைப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு. அவர் நெட்டை. அவர் கண்ணுக்குத்தான் அந்தக் கண்ணாடியில் தெரு தெரியும். அவ்வளவு முன்னால், அவ்வளவு கீழே உட்காரும் அவள் கண்ணுக்கு என்ன தெரியும்? கிழவர் அந்த இடத்திலேயே முழங்காலை மடக்கி, கழுத்தைச் சாய்த்து, இல்லாத கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். எதிர்வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு நின்று அவரை வேடிக்கை பார்த்தாள். பார்க்கட்டும். அவளுக்குப் பின்னால் வருகிற லாரி தெரியாது, பஸ் தெரியாது. பின்சீட்டு மட்டும்தான் தெரியும். போகிற வழியெல்லாம் அந்தக் காலியான பின்சீட்டையே பார்த்துக்கொண்டு போவாள். அது காலி என்று யார் கண்டது?

"போனைப் போடு! அவளுக்குப் போனைப் போடு!" என்று உள்ளே ஓடினார்.

மகள் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது போன். அணைக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியது அவரேதான்.

"என்னப்பா ஆச்சு? சொல்லித் தொலைங்களேன்!"

புறவழிச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரியும். எந்த வளைவில் எதை மாட்டி இழுத்தோம் என்பதோடு சேர்த்தே தெரியும். கேட்டுக்கு வெளியே போய் நின்றார். வெயில் ஏறியது. காதுக்குள் ஒரு வைப்பர் ஓடத் தொடங்கியது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

அந்த லாரியைப் பார்ப்பதற்கு முன்பே அதன் சத்தத்தை அவர் அடையாளம் கண்டுகொண்டார். சங்கிலி ஆடுகிற சத்தம். அது அவர் ஆயுசின் சத்தம். தெரு முனையில் ரெக்கவரி லாரி திரும்பியது. அதன் பின்னால், முன்சக்கரங்கள் தூக்கிக் கட்டப்பட்டு, சிவப்புக் கார்.

அவர் கண் கதவைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்க்கவில்லை. நேரே முன்கண்ணாடிக்குள் போய், நடுக்கண்ணாடியைத் தேடியது.

அது கூரையையும் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. அங்கே கண்ணாடியே இல்லை. இருந்த இடம் மொட்டையாக இருந்தது.

அவருக்குத் தெரிந்த வழக்கத்தில் இதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

லாரி நின்றது. டிரைவருக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. பேத்தி இறங்கினாள். வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது, அதில் கொஞ்சம் ரத்தம். இடது கையில் அந்த நடுக்கண்ணாடி.

"யாரு?" என்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. "யாரு தாத்தா இதை ஒட்டினது?"

மகள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கிழவர் கம்பியை விடவில்லை.

"நான்தான்."

"பக்கத்து லேனுக்கு மாறணும்னு பார்த்தா பின்சீட்டுதான் தெரியுது! சைடு மிரரை மட்டும் பாத்துட்டு மெதுவா ஒடிச்சேன். எங்கேருந்தோ ஒரு தண்ணி லாரி அப்படி ஒரு ஹாரன்! திரும்பி ஒடிச்சேன், நடுச்சுவர்ல ஏறிடுச்சு. இது அப்படியே பேந்து கையில வந்து விழுந்துச்சு. எதுக்குத் தாத்தா? உங்களுக்கு என்ன ஆச்சு?"

லாரி டிரைவர் வாட்டசாட்டமான ஆள். கார் முன்பக்கத்தைக் கீழே இறக்கிக்கொண்டே பேசினான். "பெரியவரே, பாப்பா மெதுவா வந்துச்சு, பெல்ட் போட்டிருந்துச்சு. டயரும் ஒரு சைடு கண்ணாடியும்தான் போச்சு. இதே இடத்துல வழக்கமா இந்தப் பசங்க வர்ற வேகத்துல வந்திருந்தா, என் பக்கத்து சீட்டுல உக்காந்து வந்திருக்காது."

அது கொக்கிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இனி மறைத்தும் பிரயோஜனம் இல்லை. தினமும் காலையில் கண்ணாடி கூரையைப் பார்த்த கதையை அவர் சொன்னார். அது எதற்கு அடையாளம் என்பதையும் சொன்னார். மகள் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். லாரி டிரைவர் சங்கிலியைச் சுற்றுவதை நிறுத்தினான். அவன் முகத்திலேயே தெரிந்தது, அவனும் அதைச் செய்கிறவன்தான் என்று.

பேத்தி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுகையும் சிரிப்பும் கலந்து வெடித்தாள்.

"ஐயோ தாத்தா, அது நான்! நான்தான் மேல தள்ளிவிடுவேன்! இருட்டுற நேரத்துல திரும்பி வர்றப்ப பின்னால வர்றவன் லைட்டெல்லாம் அதுல பட்டுக் கண்ணு கூசுது. ஒண்ணுமே தெரியாது. அதான் தட்டி விட்டுடுவேன். காலைல பாத்தா கீழ இருக்கும். அப்பா சரி பண்றார்னு நினைச்சேன்."

"கண்ணாடியை மேல தள்ளிட்டு, பின்னால பாக்காமயா தினமும் ஓட்டிட்டு வந்தே?" என்றார் கிழவர். இப்போது கத்துவது அவர் முறை.

"கூசுதுன்னா என்ன பண்றது?"

"பாப்பா," என்றான் லாரி டிரைவர், "அந்தக் கண்ணாடிக்கு அடியில சின்னதா நாக்கு மாதிரி ஒண்ணு இருக்கும். அதைத் தட்டினா லைட்டு மங்கிடும், பின்னால வர்ற வண்டியும் தெரியும். யாரும் சொல்லலையா?"

அவள் கையிலிருந்த கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். நாக்கு இருந்தது. லைசென்ஸ் வாங்கித் தந்த பள்ளியில் யாரும் சொல்லவில்லை. கிழவருக்கும் தெரியாது. லாரியில் நடுக்கண்ணாடி ஏது?

வண்டி சரியாகி வர நாள் பிடித்தது. வந்த அன்று புதுக் கண்ணாடி மாட்டியிருந்தது. பேத்தி அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். நாக்கைத் தட்டி மங்கலாக்கினாள், மறுபடி தட்டித் தெளிவாக்கினாள்.

"இனிமே நூறெல்லாம் கிடையாது, சரியா? உங்க மேல சத்தியம். வந்து பக்கத்துல உக்காருங்க. ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

கிழவர் ஏறவில்லை. ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். காய்ச்சல்ல படுத்திருந்தியே. வண்டியை யாரும் எடுக்கல. சாவி ஆணியில. காலைல நான் இறக்கி விட்டது மறுநாள் எப்படி மேல போச்சு?"

"லூஸா இருந்திருக்கும் தாத்தா. தினமும் நீங்க ஒரு தடவை, நான் ஒரு தடவைன்னு திருப்பித் திருப்பித் தேஞ்சு போயிருக்கும்."

"லூஸா இருந்தா கீழதானே தொங்கும்? மேல போகுமா?"

அவள் தோளைக் குலுக்கினாள். பெல்ட்டை மாட்டினாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரி பார்த்தாள். அதற்குள்ளிருந்து அவள் கண்கள் கிழவரைப் பார்த்தன.

"பாருங்க, நேரா நிக்குது. போதுமா?"

"இப்ப நிக்குது," என்றார் கொக்கி.

கட்டைவிரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பசைத் துணுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் தன் அறைக்கு நடந்தார்.